முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ்

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்பது, ஒரு மாணவரின் குடும்பத்தில் அவருக்கு முன் எவரும் பட்டம் பெறவில்லை என்பதை உறுதி செய்து தமிழ்நாடு அரசின் வருவாய்த்துறை வழங்கும் ஆவணம் ஆகும். பேச்சு வழக்கில் இது முதல் பட்டதாரிச் சான்றிதழ் எனப்படுகிறது.

தோற்றம்

மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 2010-11 கல்வியாண்டு முதல் இச்சலுகை நடைமுறைக்கு வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் முதலான தொழிற்கல்விகளில் சேரும் முதல் தலைமுறை மாணவரின் கற்பிப்புக் கட்டணத்தில் அரசு சலுகை அளிக்கிறது. சாதியோ குடும்ப வருமானமோ இதற்கு அளவுகோல் அல்ல. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவோருக்கு இது பொருந்தாது.

தகுதி

பாட்டன், பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருள் ஒருவரும் பட்டதாரியாக இருத்தல் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே சலுகை பெறலாம்.

பெறும் முறை

மாணவர் தாம் வாழும் வட்டத்தின் வருவாய்த்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். சான்றாக, செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த மாணவர், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் சான்றிதழ் கிடைக்கும். இவ்வட்டம் 2019 நவம்பரில் புதிய மாவட்டம் உருவாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் உள்ள ஒன்றைச் சான்றளிக்கின்றன. இதுவோ இல்லாத ஒன்றை, அதாவது குடும்பத்தில் பட்டம் இல்லை என்பதைச் சான்றளிக்கிறது. பட்டம் இல்லை என்பதற்குத் தனி ஆவணம் கிடையாது. எனவே மாணவரும் பெற்றோரும் கையொப்பமிடும் உறுதிமொழியும், குடும்பத்தினரின் கல்வி விவரங்களும், உள்ளூர் விசாரணையுமே அடிப்படையாகின்றன.

வரையறையின் விளைவு

உடன்பிறந்தோரையும் கணக்கில் கொள்வதால், இங்கு 'தலைமுறை' என்பது நடைமுறையில் 'குடும்பத்தின் முதல் நபர்' என்றே பொருள்படுகிறது. அக்காள் அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்தால், அவர் இச்சலுகையைப் பயன்படுத்தாதபோதும், பின்னர் கூடுதல் கட்டணம் கொண்ட பொறியியலில் சேரும் தம்பி தகுதியிழப்பார். இருவருக்கும் பெற்றோர் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்களாக இருக்கலாம். கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வு, கடன் ஆகியவற்றில் வழிகாட்டும் அளவுக்கு அவர்களுக்குப் பட்டறிவு இல்லாதிருக்கலாம். அக்காளின் பட்டம் தம்பிக்கு வழிகாட்டக் கூடும்; ஆனால் குடும்பத்தின் பணச்சுமையை அது உடனே குறைப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் உயர்கல்விச் சட்டத்தில் 1980 இல் சேர்க்கப்பட்ட வரையறை இதனின்று வேறுபட்டது. அங்கு பெற்றோர் இளநிலைப் பட்டம் பெற்றுள்ளனரா என்பதே பார்க்கப்படுகிறது. உடன்பிறந்தோரின் படிப்பு தடையாவதில்லை.

தொடர்புடைய திட்டம்

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021 இல் பொறியியலுக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வொதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதால், அவர்களுக்குக் கட்டணத்தின் பொருட்டு முதல் பட்டதாரிச் சலுகை தேவைப்படுவதில்லை. அதில் இடம் பெறாத முதல் தலைமுறை மாணவர்களுக்கே இச்சான்றிதழ் மிகுதியும் பயன்படுகிறது.