நெல்வயலின் மீத்தேனும் நாட்டின் உமிழ்வு இலக்கும்

காவிரியின் வடகரையில் உள்ள தொட்டியம் வட்டாரத்தில் வாழையும் வெற்றிலையும் நெல்லும் ஒரே ஆற்று நீரை நம்பி விளைகின்றன; இவற்றுள் நெல்வயல் மட்டும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகப் பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் வாதப் பொருளாக இருந்துவருகிறது. தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று புகாததால், அங்கு வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் வேரையும் தாளையும் சிதைத்து மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்குவதால், ஒரு நாட்டின் உமிழ்வைக் கூட்டிச் சொல்லும் எந்தக் கணக்கும் நெல்லை விட்டுவிட முடியாது.

1990-இல் வாஷிங்டனின் உலக வள நிறுவனம் இந்த மீத்தேனையும் சேர்த்துக் கணக்கிட்டு, உலகை மிகுதியாகச் சூடாக்கும் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் ஒன்றாக வைத்தது. மறு ஆண்டே தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்கான உமிழ்வும் சொகுசுக்கான உமிழ்வும் ஒன்றாகா என்று மறுத்தெழுதினர். அந்த மறுப்புக்கு அளவீட்டின் வலுவும் சேர்ந்தது: இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.78 கோடி டன் மீத்தேனை வெளிவிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருக்க, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் நாடெங்கும் வயல்களிலேயே நடந்த அளவீடு அதைச் சுமார் 40 லட்சம் டன் என்று காட்டியது. முகமையின் மதிப்பீடு, வெளிநாட்டு வயல்களின் அளவை இந்தியப் பரப்பால் பெருக்கியதில் நேர்ந்த பிழை. இந்தியப் பருவநிலை அறிவியலின் பெருமைக்குரிய பணிகளுள் மித்ரா குழுவின் அளவீட்டுக்கு முதல் வரிசையில் இடமுண்டு. ஏனெனில், எண்ணைப் பிறர் எழுதினால் இலக்கையும் பிறரே எழுதுவர்.

1997-இன் கியோட்டோ நெறிமுறை வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே உமிழ்வுக் குறைப்பு அளவுகளை விதித்தது. 2015-இன் பாரிஸ் ஒப்பந்தமோ ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்து அறிவிக்க வேண்டும் என்றது. இவ்வறிவிப்பே தேசிய அளவில் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்பு எனப்படுகிறது. இந்தியா மொத்த உமிழ்வைக் குறைப்பதாகச் சொல்லாமல், உமிழ்வுச் செறிவை, அதாவது பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வாயுவின் அளவை, 2005-ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2030-க்குள் 33 முதல் 35 விழுக்காடு குறைப்பதாக முதலில் அறிவித்து, 2022 ஆகஸ்டில் அதை 45 விழுக்காடாக உயர்த்தியது. உற்பத்தி வேகமாகப் பெருகினால், செறிவு குறையும்போதே மொத்த உமிழ்வு கூடவும் செய்யலாம் என்பதை இவ்விலக்கைப் படிப்போர் மனத்தில் கொள்ள வேண்டும். எந்தத் துறைக்கும் தனிக் கட்டாயம் இல்லை என்றும் இந்தியாவின் அறிவிப்பு கூறுகிறது; 2030-க்குள் மீத்தேனை 30 விழுக்காடு குறைக்கும் 2021-ஆம் ஆண்டின் உலக உறுதிமொழியிலும் இந்தியா சேரவில்லை. சிறு உழவரின் நெல்லும் மாடும் பிழைப்பைச் சார்ந்தவை என்ற இந்த நிலைப்பாடு நியாயமானதே.

ஆயினும் கட்டாயம் இல்லை என்பதால் வழியும் இல்லை என்றாகாது. உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் முறையில், தேங்கிய நீர் மறைந்து மண்ணில் காற்று புகுந்த பின்னரே மறுநீர் பாய்ச்சப்படுவதால், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் ஒடுங்குகின்றன, நீரும் மிச்சமாகிறது. ஆனால் அடுத்த முறை தண்ணீர் என்று வரும் என்பது உறுதியாகத் தெரியாத வாய்க்காலில், கிடைத்த நீரைத் தேக்கிவைப்பதே உழவருக்குக் காப்பு. ஆகவே காவிரியின் மேட்டூர் அணையில் திறக்கும் நீர் கடைமடைக்குச் சொன்ன நாளில் வந்து சேர்ந்தால்தான் அவர் துணிந்து வயலைக் காயவிடுவார்.