கட்டிலருகே ஒரு மேசை

பகல் வேளையில் எவரும் பொருட்படுத்தாத ஒரு சிறு தளபாடம் இரவிலே இன்றியமையாததாகிவிடுகின்றது. கட்டிலின் அருகே நின்று விளக்கையும் மூக்குக்கண்ணாடியையும் தண்ணீர்க் குவளையையும் மருந்துக் குளிசைகளையும் தாங்கும் சிறுமேசைதான் அது. முதுமையுற்ற தாய்க்குப் பிள்ளையொருவர் பரிசளிக்க நினைக்கும்போது சேலையும் பால்மாப் பேணியுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. தம் கையாலே ஒரு மேசை செய்து கொடுக்கலாம் என்ற எண்ணம் மிகச் சிலருக்கே எழும். எழுந்தாலும், அது தச்சருடைய வேலை என்று விட்டுவிடுவர். பாடசாலையில் மரவேலை பயின்று, அதன் பின் சீவுளியைத் தொடாமலே நரைத்துவிட்டவர்கள் நம் நாட்டிற் பலர். அத்தகையோர் துணிந்து தொடங்கக்கூடிய வேலை இது.

ஆனால், இம்மேசையிடம் எதிர்பார்க்கப்படுவது யாது என்பதை முதற்கண் தெளிந்துகொள்ளல் வேண்டும். முதியோர் ஒருவர் நள்ளிரவில் எழும்புவதைக் கூர்ந்து நோக்கினால் அது விளங்கும். முதலிற் கால்களைக் கீழே இறக்குகின்றார். சிறிது நேரம் கட்டில் விளிம்பில் இருக்கின்றார். பின்னர் ஒரு கையை மெத்தையிலும் மறு கையை மேசையிலும் ஊன்றி எழுகின்றார். அந்தக் கணத்தில் மேசை ஆடினாலோ சரிந்தாலோ விழுபவர் அவரே. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர் மீண்டும் நடமாடுதல் எத்துணை அரிது என்பதை அறியாத குடும்பம் இல்லை. ஆகவே, பெயரளவில் மேசையாயினும் தொழிலளவில் இஃது ஓர் ஊன்றுகோல்.

மொறட்டுவைத் தச்சர்களின் கைத்திறன் நாடறிந்தது. அவர்களிடம் வாங்கினால் அழகிய மேசை கிடைக்கும். ஆயினும் அத்தாயின் கட்டிலை அவர்கள் அளந்ததில்லை. கையாற் செய்யும் பரிசின் மேன்மை முழுவதும் இந்த அளவெடுப்பிலேயே அடங்கியிருக்கின்றது. அவர் படுத்திருக்கும்போதே மெத்தையின் உயரத்தை அளக்கவேண்டும்; ஏனெனில் தும்பு மெத்தையும் பஞ்சு மெத்தையும் உடற்பாரத்தால் தாழ்ந்துபோவன. அந்த உயரத்துக்குச் சமமாகவோ 1 அங்குலம் கூடுதலாகவோ மேசையின் மேற்பலகை அமையட்டும். அதனினும் உயர்ந்தால், இருட்டில் தடவும் கை குவளையைத் தட்டிவிடும்; தாழ்ந்தால், ஊன்றி எழும்போது உடல் முன்னே சரியும். எந்தப் பக்கமாக எழும்புகின்றார், எந்தக் கை வலிமையானது என்பவற்றையும் கவனித்து எழுதிக்கொள்ளவேண்டும்.

மேற்பலகை 16 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் இருந்தாற் போதும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அழகை எண்ணிப் பலர் மேற்பலகையைக் கால்களுக்கு வெளியே வெகுதூரம் நீட்டிவிடுவர். நீட்டிய விளிம்பிற் கையூன்றினால், பாரம் கால்கள் நிற்கும் எல்லைக்கு அப்பால் விழுகின்றது, மேசை கவிழ்கின்றது. ஆகையால் அரை அங்குலத்துக்கு மேல் நீட்டுதல் ஆகாது. கீழே குறுகிச் செல்லும் மெல்லிய கால்களும் இம்மேசைக்குப் பொருந்தா. 1½ அங்குலச் சதுரக் கால்கள் நேராக நிற்கட்டும்.

இனி மரம். யாழ்ப்பாணத்தவருக்குப் பனையே முதலில் நினைவு வரும். ஆனால் அகத்தே வைரமுடையது மரம், புறத்தே வைரமுடையது புல் என்று தொல்காப்பியம் வகுத்ததன்படி பனை புல்லினத்தைச் சேர்ந்தது. இன்றைய தாவரவியலாரும் பனையைப் புல்லோடு ஒருவித்திலைத் தாவரங்களுள்ளேயே வைக்கின்றனர். வெளிப்புறம் இரும்பையொக்க, உட்புறம் சோறாகக் கிடக்கும் அது கூரைக்குச் சலாகையாக உதவுமேயன்றி மேசைக்கு உதவாது. முதிரை வலியதாயினும் புதியவரின் உளியை அடிக்கடி மழுங்கச் செய்யும். பலாவே நல்லது. மிருதங்கமும் வீணையும் செய்வதற்கு ஏற்ற அம்மரம் சீவுளிக்கு இணங்கி வரும். வெட்டியபோது மஞ்சளாயிருந்து, வெளிச்சம் படப்பட ஆண்டுதோறும் செந்தவிட்டு நிறம் கொள்ளும். ஆனால் பலாவை நினைத்தபடி தறிக்க இயலாது. 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி பெறவேண்டும். இடிந்த பழைய வீடுகளின் கதவும் நிலையும் விலைக்குக் கிடைப்பின் அவையே சாலச் சிறந்தவை, பல்லாண்டு உலர்ந்தவை. பழைய ஆணிகள் உள்ளே ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடிக் களைந்த பின்னரே சீவுளி வைக்கவேண்டும். புது மரமாயின், 1 அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலரவேண்டும் என்பது தச்சர்களிடையே வழங்கும் கணக்கு. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறை முற்றாக நீக்கிவிடவேண்டும். மாச்சத்து மிகுந்த அப்பகுதியிலேதான் உளுக்கும் பூச்சி குடியேறும்.

உலர்ந்த மரமும் ஓய்ந்திருப்பதில்லை. மாரியிற் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுப் பருக்கும். கோடையில் அதனை விட்டுச் சுருங்கும். இந்த மாற்றம் இழையோடும் நீளப்பாட்டில் இல்லையென்றே சொல்லலாம். குறுக்குப்பாட்டிலே தெளிவாகத் தெரியும். 14 அங்குல அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் 1/8 அங்குலமளவு கூடிக் குறையக்கூடும். அற்பமாகத் தோன்றினும் அதனைத் தடுக்கவல்ல ஆணி எதுவும் இல்லை. மேற்பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு இறுக்கினால் அது நடுவே பிளக்கும், அல்லது காலின் பொருத்தைப் பிரித்துவிடும். ஆதலால் சட்டத்தின் உட்புறத்தில் ஒரு நீண்ட பள்ளம் இழைத்து, நாக்குப் போன்ற முனையுடைய சிறு மரத்துண்டுகளை அதிற் செருகி, அத்துண்டுகளை மாத்திரம் திருகாணியால் மேற்பலகையின் அடியிற் பிணைப்பர். பலகை அசையும்போது நாக்குப் பள்ளத்துள் நகரும். மேசையோ அசையாது நிற்கும்.

கால்களையும் சட்டங்களையும் இணைப்பதற்கு ஆணி கூடாது. காலிலே துளை பொளிந்து, சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கிச் செருகுதலே உறுதி. சட்டம் ¾ அங்குலக் கனமாயின் கழுந்து அதில் மூன்றிலொரு பங்கு, அஃதாவது ¼ அங்குலம் இருத்தல் வழக்கம். பென்சிற் கோட்டிலும் கத்தி நுனியாற் கீறிய கோடே நம்பத்தக்கது. வாள் அக்கோட்டின்மீது செல்லாது கழிவுப் பக்கமாகச் செல்லவேண்டும். கழுந்து கைப்பலத்தோடு உள்ளே போகவேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கியடித்தாலன்றிப் போகாதாயின் கால் வெடிக்கும். வழுக்கிக்கொண்டு போயின் பாரத்தைப் பசையே சுமக்கநேரும். முதல் மேசை செய்பவர் இங்கேதான் பொறுமையிழப்பர். வீணான சட்டமொன்றை எறிந்துவிட்டு வேறொன்று செதுக்குவதிற் குறையொன்றுமில்லை. பசையிடுமுன் ஒருமுறை யாவற்றையும் பொருத்தி, மூலைக்கு மூலை அளந்து பார்க்கவேண்டும். இரு மூலைவிட்டங்களும் சமமாயின் சட்டம் சதுரித்து நிற்கின்றது. இறுக்கும் கருவி இல்லாதவர் கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையே ஒரு தடியைச் செருகி முறுக்கினாற் போதுமானது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லால் லாச்சி என வழங்கும் இழுப்பறையொன்று வைத்தால் குளிசைகள் சிந்தாமல் இருக்கும். ஆவணி வெயிலில் அளவாகச் செய்த லாச்சி கார்த்திகை மழையில் அசையாது என்பதை நினைவிற்கொண்டு, உயரத்திற் சிறிது இடைவெளி விடுதல் அறிவுடைமை. அதன் பிடி, மெலிந்த விரல்கள் பற்றுமளவுக்குப் பெரிதாயிருக்கவேண்டும்.

விளிம்புகளையும் மூலைகளையும் உருட்டி இழைத்தபின் மெருகிடலாம். அரக்கை மதுசாரத்திற் கரைத்துப் பூசும் பொலிஷ் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் குவளையடியின் ஈரமும் கோப்பித் தண்ணீரின் சூடும் அதில் வெள்ளை வளையங்களை இட்டுவிடும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்து, நன்கு காய்ந்தபின் மீண்டும் பூசுதல் இம்மேசைக்கு ஏற்றது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் பெரும் ஆபத்து. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடவோ நீரில் ஊறவைக்கவோ வேண்டும். வாடை முற்றாக அகலும்வரை மேசையை உறங்குமிடத்துக்குக் கொண்டுசெல்லாதிருத்தல் நன்று.

பழைய வீடுகளின் தரை எங்கும் மட்டமாக இராது. ஆதலால் மேசையை அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து, ஆடும் காலைக் கண்டு, மற்றக் கால்களை அதற்கேற்பச் சிறிது அரிந்து, அடியில் இறப்பர்த் துண்டு ஒட்டவேண்டும். பின்னர்ச் செய்தவர் தம் முழுப் பாரத்தையும் ஒரு விளிம்பில் ஊன்றிப் பார்க்கட்டும். அதன் பின்னரே தாயார் தொடலாம். கார்த்திகை மாதத்தில் ஒருமுறை சீவுளியையும் கொண்டு அவர் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். எவ்வளவு இடைவெளி விட்டாலும் முதல் மாரியில் லாச்சி சிறிது இறுகத்தான் செய்யும்.