இருக்கன்குடியில் சாரணனுக்கு என்ன வேலை?

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் தென்பாண்டிச் சீமையின் சாலைகளெல்லாம் இருக்கன்குடியை நோக்கித் திரும்பிவிடுகின்றன. விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி, தூத்துக்குடி என்று நாலா திசைகளிலிருந்தும் மஞ்சளாடை உடுத்திக் கால்நடையாக வருவோர் ஒருபுறம். வண்டி வாகனங்களில் குழந்தை குட்டிகளோடு வந்திறங்குவோர் மற்றொரு புறம். சாத்தூருக்கு அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். ‘இரு கங்கைக் குடி’ என்பதே நாளடைவில் இருக்கன்குடி என மருவிற்று என்பது ஊரார் சொல்லும் பெயர்க்காரணம்.

அக்கினிச்சட்டி ஏந்துவோரும், ஆயிரங்கண் பானை சுமப்போரும், மாவிளக்கு ஏற்றுவோரும், முடி காணிக்கை செலுத்துவோருமாக அன்று ஆற்று மணல் முழுவதும் மனிதத் தலைகளே தெரியும். ஆண்டின் பெரும்பகுதி மௌனமாகக் கிடக்கும் அந்த மணற்பரப்பு ஒரே நாளில் பெரிய பட்டணமாகிவிடுகிறது. ஆனால் பட்டணத்திலுள்ள வசதிகள் ஒரே நாளில் வந்துவிடுமா? தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் வேண்டும். தாயைப் பிரிந்த குழந்தைக்கு ஒரு கை வேண்டும். வெயிலில் மயங்கி விழுந்த மூதாட்டிக்கு நிழல் வேண்டும். காவல் துறையினரும் கோயில் சிப்பந்திகளும் எத்தனை பேர் இருந்தாலும் இத்தனைக்கும் அவர்கள் மட்டும் போதமாட்டார்கள்.

இங்கேதான் கழுத்தில் வண்ணத் துணி சுற்றிய பதினான்கு வயதுச் சாரணச் சிறுவனுக்கு வேலை இருக்கிறது. “இந்தப் பொடியனால் என்ன ஆகும்?” என்று கேட்போருக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிப்பாய் வேலையிலிருந்து சேவைக்கு

சாரணர் இயக்கத்தின் பிறப்பு யுத்த களத்தோடு தொடர்புடையது. தென்னாப்பிரிக்காவில் மாபெகிங் என்ற ஊர் 1899-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1900-ஆம் ஆண்டு மே வரை 217 நாட்கள் முற்றுகைக்குள்ளாகி இருந்தது. அதைக் காத்து நின்ற ஆங்கிலப் படைத் தலைவர் பேடன் பவல். அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லுதல் முதலிய காரியங்களில் ஈடுபடுத்தப்பட்டனர். பொறுப்பை ஒப்படைத்தால் பையன்கள் அதற்கேற்றவாறு உயர்ந்து நிற்பார்கள் என்பதை அவர் கண்கூடாகக் கண்டார்.

பின்னர் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரௌன்சி என்னும் சிறு தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்து உண்டார்கள். மறு ஆண்டு அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் இயக்கம் பல தேசங்களுக்கும் பரவிற்று. பெண் குழந்தைகள் “எங்களுக்கு இடமில்லையா?” என்று கேட்டதன் விளைவாகச் சாரணியர் இயக்கமும் 1910-இல் தோன்றியது.

இதன் அமைப்பு எளிது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. அணிகள் சில சேர்ந்தது ஒரு படை. அணித் தலைவனும் ஒரு சிறுவனே. பெரியவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்வாரேயன்றி ஒவ்வொரு காரியத்திலும் குறுக்கிடமாட்டார். தன் அணியில் ஒருவன் பின்தங்கினால் அது தன் குறை என்று தலைவன் உணர்வதே இக்கல்வியின் உயிர்நிலை. படை என்று பெயர் இருந்தாலும் இதில் ஆயுதம் இல்லை. கைக்கோல், கயிறு, கழுத்துத் துணி இவையே கருவிகள்.

அந்நிய விதையும் நம் மண்ணும்

1909-இல் பெங்களூரில் இவ்வியக்கம் முதன்முதலாக நம் நாட்டில் காலூன்றியபோது அது வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியக் குழந்தைகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. ஒழுங்கும் துணிவும் பெற்ற இந்திய வாலிபர்கள் நாளைக்கு ஆட்சியையே எதிர்த்து நிற்கமாட்டார்களா என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அடைத்த கதவின் முன் நம்மவர்கள் காத்து நிற்கவில்லை. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அன்னி பெஸன்ட் அம்மையாரும் அவருடைய சகாவான அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் கண்டனர். அச்சிறுவர்கள் ஐரோப்பியத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தார்கள். வடக்கே பண்டித மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெஸன்ட் அம்மையாரின் சங்கம் உலக இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது.

1937-இல் இந்தியரின் குணநலனைக் குறித்துப் பேடன் பவல் கூறியதாக வெளிவந்த வார்த்தைகள் நாடெங்கும் மனக்கசப்பை உண்டாக்கின. அதன் பயனாக 1938-இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. சுதந்திரம் வந்த பிறகு இப்பிளவுக்கு அவசியமில்லாமற் போயிற்று. 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி பிரிந்து நின்ற சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் அமைப்பாயின. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியரும் வந்து சேர்ந்தனர். முன்பு மன்னருக்கு விசுவாசம் கூறிய உறுதிமொழியில் இப்போது நாட்டுக்குச் செய்யும் கடமை இடம் பெற்றது. ஒரு சொல்தான் மாறிற்று; அந்த ஒரு சொல்லில் ஒரு தலைமுறையின் போராட்டமே அடங்கியிருக்கிறது.

இதில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. சேவா சமிதியார் பேர் பெற்றது அணிவகுப்பினால் அன்று; பிரயாகையில் நதிகள் கூடும் துறையில் திரளும் யாத்ரிகர்களுக்குச் செய்த தொண்டினால்தான். தேர், திருவிழா, தீர்த்தமாடல் என்று ஜனங்கள் கூடுவது நம் நாட்டு வழக்கம். அக்கூட்டத்துக்கு ஊழியம் செய்தபோதுதான் அந்நிய விதை நம் மண்ணில் வேர் பிடித்தது. கங்கைக்கரையில் நடந்தது வைப்பாற்றங்கரையில் நடக்கலாகாதா?

ஆற்று மணலில் ஒரு நாள்

திருவிழாவில் சாரணன் செய்யத்தக்க காரியங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, காணாமற்போன குழந்தை. கூட்டத்தில் கைநழுவிய குழந்தை அழுதுகொண்டே ஓடும். தாயும் அலறிக்கொண்டு வேறு திசையில் ஓடுவாள். இருவரும் ஓடினால் இடைவெளி பெருகுமேயன்றிக் குறையாது. பழகிய சாரணன் குழந்தையைக் கண்ட இடத்திலேயே முழந்தாளிட்டு, அதன் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துப் பேசுவான். மற்றொருவனை ஒலிபெருக்கி உள்ள இடத்துக்கு அனுப்புவான். குழந்தையைத் தனியாக எவரிடமும் ஒப்படைக்கமாட்டான். இன்னும் முன்யோசனை உள்ள படையாயின், வண்டி நிற்கும் இடத்திலேயே குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிய சீட்டைக் கட்டிவிடும். அரையணாக் காரியம், பயனோ அளவிடற்கரியது.

இரண்டாவது, நீர். ஆற்றில் தண்ணீர் உள்ள ஆண்டுகளில் குளிப்போர் ஆழம் அறியாமல் இறங்கிவிடுவதுண்டு. மூழ்குகிறவனைக் காணும்போது உடனே குதித்துவிடத் தோன்றும். மூழ்குகிறவன் கைக்கு அகப்பட்டதை இறுகத் தழுவிக்கொள்வான். அப்படித் தழுவப்பட்டு இருவராக மாண்ட கதை நம் குளக்கரைகளில் எத்தனை! சாரணனுக்குக் கற்பிக்கும் முறை வேறு: முதலில் கூவி ஆள் சேர், எட்டினால் கோலை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை எறி. அக்கயிற்றின் நுனியில் போடும் வளைய முடிச்சு எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஆகவே பிடித்திருப்பவனின் மார்பை நெரிக்காது. வகுப்பில் விளையாட்டாகப் போட்ட முடிச்சு ஆற்றங்கரையில் உயிராகிறது.

மூன்றாவது, நெரிசல். 1992-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணத்து மகாமகத்தில் நிகழ்ந்த நெரிசலில் சுமார் 50 பேர் மாண்டதை நம் நாடு மறக்கவில்லை. நெரிசல் உண்டான பின்பு அதை அடக்குவது சிறுவர் வேலையன்று. அவர்களை அங்கே நிறுத்துவதும் தகாது. ஆனால் அதற்கு முன்பே செய்யவேண்டியவை பல. போவோருக்கு ஒரு வழி, வருவோருக்கு ஒரு வழி என்று கயிறு பிடிக்கலாம். நடுவழியில் அமர்ந்துவிட்டோரை அன்பாகப் பேசி ஒதுக்குப்புறம் கொண்டு சேர்க்கலாம். ஓரிடத்தில் கூட்டம் அடர்வதைக் கண்டவுடன் காவலருக்கு அறிவிக்கலாம். கண் திறந்திருக்கும் ஒருவன் முன்னதாகச் சொல்லும் ஒரு வார்த்தை, பின்னால் வரும் பத்து வண்டி வைத்தியரைவிட மேலானது.

இவை தவிரத் தண்ணீர்ப் பந்தல், முதியோருக்குத் துணை, விழா முடிந்த மறுநாள் மணலில் கிடக்கும் குப்பையை அகற்றுதல் எனப் பணிகளுக்குக் குறைவில்லை. கடைசியாகச் சொன்னதற்குக் கைதட்டுவோர் இரார். ஆதலாலேயே அது சிறந்த பயிற்சி.

வெடிமருந்துச் சீமையின் தனிப் பாடம்

இருக்கன்குடியைச் சூழ்ந்த பூமி பட்டாசும் தீப்பெட்டியும் விளையும் பூமி. இங்கே சாரணர் பயிற்சிக்கு வேறு ஊர்களுக்கு இல்லாத அவசரம் ஒன்று உண்டு.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை தீப்பற்றி வெடித்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு, உள்ளே இருப்போரைக் காப்பாற்றவும் நடப்பதைப் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். அவர்கள் கூடியபின் எழுந்த பெருவெடிப்பு அவர்களையும் வாரிக்கொண்டது.

இதை எண்ணுந்தோறும் நெஞ்சு பதறுகிறது. அயலானுக்கு ஆபத்து என்றால் ஓடிப் போகும் இரக்கம் நம் கிராமத்து ஜனங்களுக்கு இயல்பிலேயே உண்டு. அந்த இரக்கத்தை எந்தச் சாரணர் சங்கமும் வந்து கற்பிக்கவேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும், யாருக்குச் சொல்லவேண்டும், எப்போது நெருங்கலாம் என்ற அறிவு இயல்பாக வருவதன்று, பழக்கத்தால் வருவது. வெடிமருந்து எரியுமிடத்தில் முதற்கடமை விலகி நிற்பதும், பிறரை விலக்குவதும், தீயணைப்புப் படைக்கு அறிவிப்பதுமே. இது கோழைத்தனம் அன்று. உயிர்களைக் கணக்கிட்டுப் பார்க்கும் துணிவு.

தீக்காயத்துக்குச் செய்யும் முதலுதவியும் அத்தகையதே. நம் வீடுகளில் தீப்பட்ட இடத்தில் மையைத் தடவுவோர் உண்டு. மஞ்சளும் எண்ணெயும் பூசுவோர் உண்டு. இக்காலத்தில் பற்பசையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. எல்லாம் தவறு. சுத்தமான குளிர்ந்த நீரைச் சுமார் 20 நிமிஷம் காயத்தின்மேல் ஓடவிட வேண்டும், பனிக்கட்டி கூடாது. வீக்கம் காணுமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றவேண்டும். சதையோடு ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. தூய துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஆடையில் தீப்பற்றியவன் ஓடினால் காற்று நெருப்பை வளர்க்கும். அவனைத் தரையில் படுத்து உருளச் செய்யவேண்டும். அக்கினிச்சட்டி ஏந்தும் திருவிழாவிலும் தீபாவளி முற்றத்திலும் ஒருங்கே உதவும் பாடம் இது. ஒரு பள்ளியில் 30 சாரணர்கள் இதைக் கற்றால் 30 வீடுகள் கற்றதாகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

2025-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் திருச்சி ஜில்லா மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடைபெற்றது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் வந்து கூடாரங்களில் தங்கினர். தமிழ் அறியாத பிள்ளையும் ஹிந்தி அறியாத பிள்ளையும் சேர்ந்து வாழக் கற்கும் இத்தகைய முகாம்கள் பாடப் புத்தகம் சொல்லும் தேச ஒற்றுமைக்குச் செய்முறை விளக்கங்கள்.

ஆயினும் பெருந்திரளணி எப்போதோ ஒரு முறை வருவது. இயக்கம் வாழ்வது வாரந்தோறும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடும் சிறு அணியில்தான். “படிப்புக் கெட்டுவிடும்” என்று பல தாய் தந்தையர் பிள்ளைகளைத் தடுக்கின்றனர். வாரத்தில் ஒரு மணி நேரம் முடிச்சுப் போடவும் கட்டுக் கட்டவும் கற்பதால் கெட்டுப்போகும் படிப்பு எது? விருதுக்கும் சான்றிதழுக்குமாக மட்டும் பெயர் கொடுப்பதும் அவ்வளவு விரும்பத்தக்கதன்று. ஆசிரியர்களும் சீருடை அணிவித்துக் கொடியேற்றத்தன்று வரிசையில் நிறுத்துவதோடு கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. வெயிலும் மணலும் வியர்வையும் கலந்த சேவை இல்லையேல் அந்தக் கழுத்துத் துணி வெறும் அலங்காரமே.

சீருடைக்குப் பணம் இல்லாத பிள்ளைகளுக்கு ஊர்ப் பெரியவர்களும் வியாபாரிகளும் உதவலாம். கோயில் விழாவுக்குப் பந்தல் போடும் தர்மவான்களுக்கு இது பெரிய செலவன்று. பந்தல் மூன்று நாளில் பிரிக்கப்படும். பழகிய பிள்ளை ஐம்பது ஆண்டு ஊருக்கு நிழல் தருவான்.

ஆடி வெள்ளி ஆண்டுதோறும் வரும். இலட்சோபலட்சம் ஜனங்களும் வருவார்கள். அவர்களில் கைதவறிய குழந்தை ஒன்று இருந்தே தீரும். அதன் கண்ணீரைத் துடைத்து, அதன் மொழியிலே பேசி, தாயின் கையில் சேர்ப்பதற்கு நம் ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு பையனையோ பெண்ணையோ இன்றே தயார் செய்வோமாக. தயாராயிருப்பதுதானே சாரணரின் விருதுமொழி!