‘உட்காரு’ என்றால் ஏன் எழுந்துகொள்கிறார்கள்?

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரு நாளைக்கு நூறு தடவையாவது ‘உட்காருடா, உட்காரு’ என்கிறேன். சாயங்காலம் பனங்கற்கண்டை வாயில் போட்டால்தான் தொண்டை திறக்கிறது. சொன்னதும் உட்காருகிறார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் எழுந்துவிடுகிறார்கள். மாணவர் மனநலம், நல்ல நடத்தை என்று பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். போனேன், ஒரு ஃபைலும் இரண்டு பிஸ்கெட்டும் கொடுத்தார்கள். அறிவியலில் இதற்குப் பதில் உண்டா?”

உண்டு டீச்சர். கேட்டால் என்மேல் கோபம் வரும். நீங்கள் ‘உட்காரு’ என்று சொல்வதும் அவர்கள் எழுந்துகொள்வதற்கு ஒரு காரணம்.

1968இல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி பெக்கர் என்ற உளவியலாளரும் சார்ல்ஸ் மேட்சன் முதலிய கூட்டாளிகளும் எடுத்துக்கொண்டது இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து நடத்திய ஒரு முதல் வகுப்பு. முதலில் சும்மா உட்கார்ந்து, எத்தனை பேர் எத்தனை முறை எழுகிறார்கள் என்று எண்ணினார்கள். பிறகு ஆசிரியைகளிடம், ‘உட்காரு’ என்று சொல்வதை அதிகமாக்குங்கள் என்றார்கள். பிள்ளைகள் எழுவதும் அதிகமானது. பழைய அளவுக்குக் குறைக்கச் சொன்னார்கள், எழுவதும் குறைந்தது. தற்செயலாக இருக்குமோ என்று மறுபடி அதிகமாக்கினார்கள். மறுபடி ஏறியது! கடைசியில், எழுந்தவனை விட்டுவிட்டு, உட்கார்ந்து வேலை செய்பவளைப் பாராட்டச் சொன்னார்கள். அப்போதுதான் வகுப்பு நன்றாக அடங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ‘உட்காரு’ என்ற ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் உட்காரத்தான் செய்தார்கள். அந்த நிமிடத்தில் அது பலிக்கிற மந்திரம். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படுகிறது.

இது எப்படி நடக்கிறது? ஆசிரியரின் கவனத்தை ரேஷன் கடைச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை ஒன்று, கார்டு நாற்பது, பில் போட ஒரே ஆள். ஒழுங்காக வரிசையில் நிற்பவருக்கு “ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாங்க”. கவுன்டரில் ஏறிக் குதிப்பவருக்குக் கையோடு சரக்கு. ஏறிக் குதித்தவருக்குக் கிடைப்பது பாராட்டு என்னும் சர்க்கரை அல்ல, திட்டு. அதைப் பாமாயில் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை வராத மாதத்தில் பாமாயிலையும் வேண்டாம் என்பவர் உண்டா? இரண்டு வாரம் இப்படிப் போனால் வரிசையில் நிற்கும் சாதுக்களும் கவுன்டரை ஒரு பார்வை பார்ப்பார்கள். மிஷினில் விரல் ரேகை விழாத பாட்டிபோல, எத்தனை முறை கையைத் தூக்கினாலும் டீச்சர் கண்ணில் விழாத பிள்ளை ஒன்றும் வகுப்புதோறும் உண்டு. அது சண்டை போடாது, ஒரு நாள் வரிசைக்கே வராமல் இருந்துவிடும். மூட்டை இறக்குபவருக்கும் இந்த உவமையில் ஓர் இடம் தேடினேன், கிடைக்கவில்லை.

என்னை இதைவிட மயக்குவது கவுன்டரின் உட்புறம் நடப்பது. ஆசிரியர் அதட்டுகிறார், இரைச்சல் சட்டென்று நிற்கிறது. அந்த அரை நிமிட அமைதி யாருக்குக் கிடைத்த பரிசு? ஆசிரியருக்கு. வேண்டாத ஒன்று விலகும்போது, அதை விலக்கிய செயல் நம்மிடம் வலுப்பெறுகிறது. பாடநூல்கள் இதை எதிர்மறை வலுவூட்டல் என்கின்றன (இதைத் தண்டனை என்று எழுதாத பயிற்சிக் கையேடு எனக்கு இன்னும் அகப்படவில்லை). ஆக, ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பயிற்சிகள் நடக்கின்றன. டீச்சர் கவனத்தைக் கொடுத்துப் பிள்ளையை எழப் பழக்குகிறார். பிள்ளை அமைதியைக் கொடுத்து டீச்சரைக் கத்தப் பழக்குகிறது. இருவரும் கெட்டிக்கார மாணவர்கள். இருவருக்கும் தாங்கள் பாடம் படிப்பது தெரியாது. பெக்கர் இதைக் கண்டிப்பு என்னும் பொறி என்றார்.

அதே 1968இல் பெக்கர் குழு செய்த இன்னொரு சோதனைக்கு இன்று யாரும் எளிதில் அனுமதி தர மாட்டார்கள். சமர்த்தான ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பு, 28 பிள்ளைகள். ஆசிரியை பாராட்டுவதை அடியோடு நிறுத்தினார். சுமார் 9 சதவீதமாக இருந்த குழப்படி 25 சதவீதத்துக்கு ஏறியது. கண்டிப்பை மூன்று மடங்காக்கியதும் 30ஐத் தாண்டியது. பாராட்டு திரும்பியதும் வகுப்பும் திரும்பியது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், பெற்றோர் அதே பெற்றோர். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்’ என்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம்.

இந்த வலுவூட்டலுக்கு வரலாறு வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் குழு வற்புறுத்துவதால்: 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் பூனைகளைப் பெட்டியில் அடைத்து அவை வெளியேறக் கற்பதைப் பார்த்தார். பிறகு ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து அதைக் கணக்காக்கினார். போதும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு போன இடம் காலியாக இருக்குமா? நட்சத்திர ஸ்டிக்கர், புள்ளி போடும் செயலி, ‘மகிழ்ச்சி வகுப்பறை’ என்று கடை விரித்துவிட்டார்கள். ஒரு கண்டிப்புக்கு ஐந்து பாராட்டு என்ற சூத்திரத்தை உங்கள் பயிற்சியிலும் சொல்லியிருப்பார்கள். ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கு ஜான் காட்மேன் கணவன் மனைவியர் பேசிக்கொள்வதை ஆராய்ந்து சொன்னது. நாற்பது குழந்தைகளோடு உங்களுக்கு நடப்பது கல்யாணம் இல்லையே!

ஸ்டிக்கரிலும் ஒரு கண்ணி உண்டு. 1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்டின் பிங் மழலையர் பள்ளியில், தாமாகவே ஆசையாக வரைகிற குழந்தைகளிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்றார்கள். குழந்தைகள் வரைந்தார்கள், வாங்கினார்கள். அதன் பிறகு வகுப்பில் பேனாக்களைச் சும்மா பரப்பி வைத்தபோது, இந்தக் குழந்தைகள் அவற்றோடு செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஏற்கெனவே பிடித்த வேலைக்குக் கூலி பேசினால் அது கூலி வேலையாகிவிடுகிறது.

பேர்பெற்ற திட்டங்களின் கதையும் ஏற்ற இறக்கம்தான். வகுப்பை அணிகளாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்குக் குறி போடும் ‘நன்னடத்தை விளையாட்டு’ 1969இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வில் அறிமுகமானது. அமெரிக்காவின் பால்டிமோரில் 1980களில் முதல் வகுப்பில் அதை ஆடியவர்களைப் பெரியவர்களான பின் பார்த்தபோது, சிறு வயதில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த ஆண்களிடம் போதைப் பழக்கச் சிக்கல் குறைந்திருந்தது. உலகமே கைதட்டியது. இங்கிலாந்தில் 77 தொடக்கப் பள்ளிகளில் சோதித்து 2018இல் வெளியான முடிவில், மொத்தத்தில் வாசிப்பும் கூடவில்லை, நடத்தையும் மாறவில்லை. ஓர் ஊரில் காய்த்த கன்று இன்னோர் ஊரில் காய்க்காததற்கு நூறு காரணம் இருக்கலாம். விற்பவர்கள் பால்டிமோரை மட்டும் சொல்வதற்கு ஒரே காரணம்தான்.

எல்லாப் பிள்ளையும் கவனம் தேடி எழுவதுமில்லை. கரும்பலகை தெரியாமல் எழுபவன் உண்டு, கணக்கிலிருந்து தப்பிக்கத் தண்ணீர் கேட்பவள் உண்டு. காலையில் சாப்பிடாமல் வந்து நெளிபவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் பள்ளிகளில் சிற்றுண்டி தொடங்கினார்கள். எதற்கு எழுகிறான் என்று பார்த்துவிட்டு வைத்தியம் பாருங்கள்.

உங்கள் வகுப்புக்கு ஒரு சோதனை. இடுப்பில் இரண்டு சுருக்குப்பை. ‘உட்காரு’ என்று சொல்லும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை வலது பையில் போடுங்கள். யாராவது உட்கார்ந்து எழுதுவதைக் கண்டு பெயர் சொல்லி, “முத்து, வரி கோணாமல் எழுதுறியே” என்பது போல எதைப் பாராட்டுகிறீர்கள் என்று சொன்னால் ஒன்று இடது பையில். வெறும் ‘குட் பாய்’ கணக்கில் வராது. திங்கள்கிழமை வழக்கம்போல் இருங்கள், சும்மா எண்ணுங்கள். செவ்வாயிலிருந்து வலது பையைப் பட்டினி போடுங்கள். யாருக்காவது அடிபடும் போலிருந்தால் மட்டும் இந்த விதியை மறந்துவிடலாம்.

செவ்வாயும் புதனும் வகுப்பு முன்னைவிட மோசமாகலாம். ஸ்டாக் இல்லை என்றதும் கவுன்டரில் முதலில் சத்தம்தானே கூடும். புதன் மதியம் பொறுக்க முடியாமல் ஒரு கத்தல் கத்தினால், நிறையக் கத்தினால்தான் சரக்கு வரும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அதன் பிறகு அடக்குவது இன்னும் கஷ்டம். அதனால் பனங்கற்கண்டைப் புதன்கிழமைக்கு எடுத்து வையுங்கள். இரண்டு பைகளின் எண்ணிக்கையையும் அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு எழுதுங்கள்.