நினைவிழந்த கணிப்பொறி

பல கணிப்பொறிகளுக்கு வேண்டிய தகவல்களைச் சேமித்து வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். பல ஆண்டுகள் உழைத்த சர்வர் ஒன்று, ஒரு நாள் எழ மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசிறி சுழல்கிறது, திரையோ இருண்டு கிடக்கிறது. ‘பீப், பீப்’ என்ற ஒலி மட்டும் கேட்கிறது. இதைக் கழித்துவிடலாமா? பொறுங்கள்! அந்த ஒலிக்குப் பொருள் உண்டு.

மின்சாரம் பாய்ந்ததும் கணிப்பொறி முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. நினைவகம் சரியில்லை என்றால், திரையில் எழுத்தைக் காட்டும் நிலைக்கே அது வருவதில்லை. ஆகவே ஒலியாலோ சிறு விளக்குகளாலோ தன் நோயைச் சொல்கிறது. எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்பது தயாரிப்பாளருக்கேற்ப மாறும். கையேட்டைப் பார்த்தே அறிய வேண்டும்.

நினைவகத்தில் தகவல் எப்படித் தங்குகிறது? 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ராபர்ட் டென்னார்டு கண்ட முறையே இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி உண்டு. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஓட்டைக் குடத்து நீர்போல இம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லிநொடிக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

சர்வர் நினைவகத்தில் 64 பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகளைச் சேர்ப்பது வழக்கம். 1950-இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட கணித முறையே இதற்கு அடிப்படை. ஒரு பிட் பிழையானால் காவலர்கள் திருத்திவிடுவார்கள். இரண்டு பிழையானால் கண்டுபிடிப்பார்கள், திருத்த மாட்டார்கள். பலகையின் மின்தொடர்பே விட்டுப்போனால் அவர்களும் என்ன செய்வார்கள்?

பழைய சர்வரில் முதலில் ஐயுற வேண்டியது இத்தொடர்பைத்தான். பலமுறை சூடாகிக் குளிர்வதாலும் தூசியாலும் பலகை தன் இடத்தில் சரியாகப் பொருந்தாமல் போகலாம். எனவே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்கும்படி பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, பலகைகளைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துவதே முதல் மருத்துவம்.

அப்போதும் எழவில்லையா? 8 பலகைகளில் ஒன்றுதான் பழுது என்று கொள்வோம். 4 பலகைகளை மட்டும் வைத்து இயக்குங்கள். எழுந்தால் பழுது மற்ற நான்கில் உள்ளது. எழாவிட்டால் இந்த நான்கில் உள்ளது. அந்த நான்கில் இரண்டு, பிறகு ஒன்று என்று சோதித்தால், மூன்றே சோதனையில் குற்றவாளி அகப்படும்! சில சர்வர்கள் பலகைகளை இணை இணையாகவே ஏற்கும். அவற்றில் இணைகளாகச் சோதித்து, கடைசியில் நல்ல பலகை ஒன்றைத் துணைக்கு வைக்கலாம்.

அகப்பட்டது உண்மைக் குற்றவாளிதானா? பழுது பலகையில் இல்லாமல், அது செருகப்பட்ட இடத்திலும் இருக்கலாம் அல்லவா? ஆகவே ஐயத்துக்குரிய பலகையை, ஏற்கெனவே நன்றாக வேலை செய்த இடத்தில் செருகுங்கள். பழுது பலகையோடு கூடவே வந்தால் குற்றம் பலகையுடையது. பலகை இங்கே ஒழுங்காக வேலை செய்து, பழைய இடத்தில் நல்ல பலகையும் தவறினால், குற்றம் அந்த இடத்திலோ அதனோடு இணைந்த செயலியிலோ உள்ளது.

இங்கே ஒரு விதியை மறவாதீர்கள்: ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். பலகையையும் இடத்தையும் சேர்த்து மாற்றினால், சர்வர் எழுந்தாலும் காரணம் தெரியாது. நல்ல பலகையைத் தூக்கி எறிய நேரிடும். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி கைக்கொள்ளும் முறையும் இதுவே.

சரி, 16 பலகைகள் இருந்து, அவற்றில் ஒன்று பழுதானால் எத்தனை சோதனைகள் தேவை? கணக்கிட்டுப் பாருங்கள்!