எஞ்சினை மாற்றலாம், புத்தகத்தையும் மாற்றுங்கள்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புது உதிரிப்பாகம் வராத அந்த நாட்களில் ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் பூட்டி ஓட வைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்குகள்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய மோட்டார் சைக்கிளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. எஞ்சின் தேய்ந்துவிட்டால் வேறு ஆண்டு மாடலின் எஞ்சினை வாங்கிப் பூட்டுவது பலருக்குக் கட்டுப்படியான வழி. அதில் பிழையில்லை. பூட்டியதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றாமல் விடுவதுதான் பிழை.

பெயர் ஒன்று, எஞ்சின் வேறு

ஒரே பெயர் என்பதால் எஞ்சின் பொருந்திவிடாது. 2001இல் வந்த பஜாஜ் பல்சருக்கு ஒரு ப்ளக். 2003இல் வந்த டிடிஎஸ்-ஐ மாடலுக்கு இரண்டு. இரண்டு ப்ளக் எஞ்சினைப் பூட்டினால் அதற்குரிய கொயில்களும் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐயும் வேண்டும். ஹொண்டா கப் வகைகளில் 6 வோல்ட் மாடலும் உண்டு, 12 வோல்ட் மாடலும் உண்டு. மாறிப் பூட்டினால் பல்பும் பற்றரியும் தாங்காது. எரிபொருளை உட்செலுத்தும் புது எஞ்சினுக்கு அதன் பம்பும் சென்சர்களும் வயரிங்கும் சேர்ந்தே வரவேண்டும். எஞ்சினை இருத்துவதற்காக வாகனத்தின் சட்டகத்தை வெட்டி ஒட்ட விடாதீர்கள். வேகம் கூடி, பழைய டிரம் பிரேக் அப்படியே இருந்தால் ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, வீதியில் நடப்பவருக்கும்தான்.

இலக்கம் எங்கே இருக்கிறது?

எஞ்சின் இலக்கம் கிராங்கேஸில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிஸ்டன், ப்ளொக், ஹெட் ஆகியவற்றை அதே கொள்ளளவில் மாற்றினால் இலக்கம் மாறாது, புத்தகமும் மாற வேண்டியதில்லை. கிராங்கேஸ் மாறினால் இலக்கம் மாறும். கொள்ளளவு மாறினாலும் புத்தகத்தில் உள்ள விபரம் பொய்யாகும். மோட்டார் வாகனச் சட்டப்படி இத்தகைய மாற்றங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

அறிவிக்காவிட்டால், வீதிச் சோதனையில் பொலிஸார் புத்தகத்தையும் எஞ்சினையும் ஒப்பிடும்போது சிக்கல் தொடங்கும். அந்த எஞ்சின் களவுபோன வாகனத்தினுடையது என்றால், அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று விளக்க வேண்டியவர் நீங்கள்தான். விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். விற்கப் போனால் உரிமை மாற்றமும் தடைப்படும்.

வாங்கும்போது

பற்றுச்சீட்டில் விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், எஞ்சின் இலக்கம், அது எந்த வாகனத்திலிருந்து கழற்றப்பட்டதோ அதன் பதிவு இலக்கம், திகதி ஆகிய அனைத்தும் இருக்கட்டும். அந்த வாகனத்தின் புத்தகப் பிரதியையும் கேளுங்கள். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தாலோ, மேலே மீண்டும் குத்தப்பட்டிருந்தாலோ, எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள்.

பிறகு பதிவுப் புத்தகம், பற்றுச்சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றோடு திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். லீசிங்கில் உள்ள வாகனமென்றால் அந்த நிறுவனத்தின் சம்மதக் கடிதமும் தேவை. பரிசோதகர் வாகனத்தைப் பார்த்த பின்னரே மாற்றம் பதியப்படும். அதுவரை பற்றுச்சீட்டின் பிரதி உங்கள் பையில் இருக்கட்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுத்து, தமிழிலேயே பதில் பெறுவது உங்கள் உரிமை.

சிக்கல் வந்துவிட்டால்

முன்பே மாற்றிவிட்டு இன்னும் பதியவில்லையா? சோதனையில் பிடிபடும்வரை காத்திராமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கடைக்காரர் சொன்னதற்கு மாறான எஞ்சினைத் தந்திருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். ஏமாற்றிக் களவுப் பொருளை விற்றிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாகனம் பொலிஸாரால் கைப்பற்றப்பட்டு நீதிமன்றில் பாரப்படுத்தப்பட்டால், பதிவு பெற்ற உரிமையாளர் அதை விடுவிக்கும்படி நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

மெக்கானிக் அண்ணாமாருக்கும் ஒரு வேண்டுகோள். எஞ்சினை ஏற்றுமுன் இலக்கத்தை வாசித்து, உங்கள் பில்லில் எழுதிக் கொடுங்கள். மண்ணெண்ணெயில் ஊரை ஓட வைத்த கைகள் உங்களுடையவை. நீங்கள் எழுதித் தரும் அந்த ஒரு வரி, நாளைக்கு ஒரு பொடியனைப் பொலிஸ் நிலையத்தின் வாசலிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்.