சுழல்கிறது, ஆனால் படிக்கவில்லை!
பழைய நெகிழ்வட்டு இயக்கி கற்றுத்தந்த அறிவியல்

கடந்த பள்ளி விடுமுறையில் குளுவாங்கில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இழுத்து வைத்தார். உள்ளே பழுப்பேறிய ஓர் ஆப்பிள் 2இ கணினி, இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகள், ஒரு பிஸ்கட் டின் நிறைய 5.25 அங்குல நெகிழ்வட்டுகள். நம்மில் பலர் ‘பிளாப்பி’ என்று சொல்வோமே, அதுதான்.

மாமா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1986-இல் சிங்கப்பூர் போய், ஒருவர் பயன்படுத்திய இந்தக் கணினியைச் சேமிப்புப் பணத்தில் வாங்கி வந்தார். பின்னர் தோட்டம் விற்கப்பட்டு, மக்கள் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறினார்கள். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, எந்த ஊருக்குப் போனது என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். தோட்டம் இருந்த இடத்தில் இன்று தாமான் வீடுகள் நிற்கின்றன.

“காகிதத்துல இருந்ததையெல்லாம் கரையான் தின்னுடுச்சு. மிச்சம் இதுலதான் இருக்கு. எடுக்க முடியுமாப்பா?” என்று கேட்டார்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் சொன்னேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வட்டுக்குள் என்ன இருக்கிறது?

நெகிழ்வட்டு என்பது காந்தத் துகள் பூசிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். இயக்கி அதை நிமிடத்துக்கு 300 முறை சுழற்றும். அப்போது வாசிப்பு முனை வட்டின் மேல் உரசியபடி நிற்கும். காந்தத் திசை மாறும் ஒவ்வோர் இடமும் முனையைக் கடக்கும்போது அதன் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படும். பாடநூலில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. வட்டின் ஒரு பக்கத்தில் 35 தடங்கள், ஒவ்வொன்றிலும் 16 கூறுகள், ஒவ்வொரு கூறிலும் 256 பைட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: 1,43,360 பைட்டுகள். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுகூட இதில் அடங்காது.

‘டிஸ்க் 2’ எனப்படும் இந்த இயக்கியை வடிவமைத்தவர் ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக். ஷுகார்ட் நிறுவனத்தின் இயக்கியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த மின்சுற்றுப் பாகங்களில் பலவற்றை நீக்கி, அவற்றின் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார். 1978-இல் விற்பனைக்கு வந்தது. முனை வட்டின் எந்தத் தடத்தில் நிற்கிறது என்று காட்டும் உணரிகூட இதில் இல்லை. அதனால் கணினியை முடுக்கியதும் முனையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, சுவரில் மோதவிட்டு, ‘இதுதான் தொடக்கத் தடம்’ என்று கணினி முடிவு செய்துகொள்ளும். அப்போது ‘கடகட’ என்று எழும் சத்தம் பழுது அல்ல. முனையை நகர்த்தும் மோட்டார் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

முதல் தவறு என்னுடையது

இயக்கியிலிருந்து வரும் தட்டையான கேபிளின் முனையில் 20 துளைகள் உள்ள செருகி இருக்கும். அதைக் கணினிக்குள் இருக்கும் அட்டையின் 20 முட்களில் பொருத்த வேண்டும். தவறாகச் செருகினால் தடுக்கும் பள்ளமோ மேடோ அதில் கிடையாது. வெளிச்சம் குறைவான அறையில் ஒரு முள் தள்ளிச் செருகிவிட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டேன்.

உடனே அணைத்துச் சரியாகச் செருகியும் பயனில்லை. கடகட சத்தம் வந்தது, மோட்டார் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. திரையில் ஆப்பிள் என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

இந்த இயக்கியில் இது பேர்போன விபத்து. செருகி இடம் மாறினால், 5 வோல்ட் மட்டுமே தாங்கும் சில்லுக்கு 12 வோல்ட் போய்விடும். பெரும்பாலும் இயக்கிக்குள் இருக்கும் 74எல்எஸ்125 என்ற சில்லுதான் பலியாகும். மோட்டார்கள் வேறு சுற்றில் இருப்பதால் அவை வழக்கம்போல் ஓடும். படித்த செய்தி மட்டும் கணினிக்குப் போய்ச் சேராது.

நல்ல வேளையாக அப்போது இயக்கிக்குள் இருந்தது ஒரு பழைய விளையாட்டு வட்டு. மாமாவின் பட்டியல் வட்டைப் போட்டிருந்தால், பழுதான இயக்கி அதில் எதையாவது கிறுக்கிக்கூட வைத்திருக்கலாம். எனவே பழைய இயக்கியைச் சோதிக்கும் எவரும் முதலில் போட வேண்டியது, போனால் போகட்டும் என்ற வட்டைத்தான்.

ஒரே நேரத்தில் ஒரே மாற்றம்

மாமாவின் பேத்தி படிவம் 4 மாணவி. “பழுது இயக்கியிலயா, அட்டையிலயா, எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். சரியான கேள்வி. அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்பது போலவே இங்கும் செய்ய வேண்டும். மின்சாரத்தை அணைத்து, அதே அட்டையில், அதே இடத்தில், இரண்டாவது இயக்கியை (இம்முறை கைவிளக்கு அடித்துப் பார்த்து) செருகினோம். அதே விளையாட்டு வட்டு. கடகட சத்தத்துக்குப் பிறகு ஒருமுறை விளையாட்டின் முதல் பக்கம் வந்தது. அடுத்த முறை பாதியில் நின்று பிழை காட்டியது.

அரைகுறையாகப் படித்ததே எங்களுக்குப் பெரிய செய்தி. கணினியும் அட்டையும் நலம். முதல் இயக்கியில் சில்லு போயிருக்கிறது. இரண்டாவது இயக்கியில் இருப்பது வேறு ஏதோ சிறு குறை.

அந்தச் சிறு குறை எதுவாக இருக்கும்? ஒரு கணக்குப் போடலாம். வட்டு ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி எடுக்கிறது. ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோநொடி. ஆக ஒரு தடத்தில் சுமார் 50,000 பிட்டுகள். உள்பக்கத் தடத்தின் சுற்றளவு ஏறக்குறைய 246 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் இடம் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. பூஞ்சை இழை ஒன்றின் தடிமனும் ஏறக்குறைய அதே அளவுதான்! நம் நாட்டு ஈரப்பதத்தில் முப்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த வட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்குமா? அது முனையில் ஒட்டிக்கொண்டால் முனைக்கும் வட்டுக்கும் இடையே இடைவெளி விழும், சைகை தேய்ந்துவிடும். அழுக்கு முனையோடு அடுத்த வட்டைப் போட்டால் அதையும் கீறிவிடும்.

நான்கு திருகுகளைக் கழற்றி மேலுறையை எடுத்தோம். பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து முனையை மெதுவாகத் துடைத்தோம். முதல் குச்சி பழுப்பாக வந்தது. நான்காவதுதான் வெள்ளையாக வந்தது. முனைக்கு எதிரே வட்டை அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் திண்டும் விழாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அது இல்லையென்றால் எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

சமையலறைக் குழல்விளக்கின் கீழே

துடைத்த பிறகு முன்னேற்றம் தெரிந்தது. ஆனாலும் பிழைகள் முழுதாகப் போகவில்லை. அடுத்த சந்தேகம் வேகம். மோட்டாரையும் வட்டு அச்சையும் இணைப்பது ஒரு வார்ப்பட்டை. ஆண்டுக்கணக்கில் அது தளர்ந்தால் வேகம் மாறும்.

வேகத்தை அளக்கும் கருவி இயக்கியின் அடியிலேயே இருக்கிறது. சுழலும் சக்கரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக இரண்டு வளையங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். வட்டு நொடிக்கு 5 சுற்று. 100-ஐ 5-ஆல் வகுத்தால் 20. அதாவது 20 கோடுகள் உள்ள வளையத்தில், ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கோடு சரியாக முந்தைய கோட்டின் இடத்துக்கு வந்து நிற்கும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். இன்னொரு வளையத்தில் 24 கோடுகள். அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானது. டிக்கர் டைமரில் நொடிக்கு 50 புள்ளிகளை எண்ணும் மாணவர்களுக்கு இந்தத் தந்திரம் எளிதில் புரியும்.

முன் அறையில் எல்இடி விளக்கு. அதில் எதுவும் தெரியவில்லை. சமையலறையில் பழைய குழல்விளக்கு இன்னும் இருந்தது. இயக்கியை அங்கே கொண்டுபோய்ப் பக்கவாட்டில் நிறுத்தி ஓடவிட்டோம். கோடுகள் மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்தன: வேகம் குறைவு. மோட்டார்ப் பலகையில் உள்ள சிறு திருகை மயிரிழை அளவு திருப்பத் திருப்ப, கோடுகள் தயங்கி, நின்றன. அத்தை அடுப்பைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு வட்டு ஐந்து முறையும் பிழையின்றி ஓடிய பிறகுதான் மாமாவின் வட்டைக் கையில் எடுத்தோம்.

பட்டியல் வந்தது, முழுதாக அல்ல

பட்டியல் மூன்று வட்டுகளில் இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்து வெட்டையும் ஒட்டுத்தாளால் மூடினோம். அப்படி மூடினால் இயக்கி அதில் எழுதாது. கணினியின் ஒலிநாடாத் துளையையும் மடிக்கணினியின் ஒலித்துளையையும் ஒரு கம்பியால் இணைத்து, ‘ஏடிடி புரோ’ என்ற இலவச மென்பொருள் மூலம் வட்டை ஒலியாக மாற்றி நகலெடுத்தோம். கீச்சுச் சத்தமாகவே பெயர்கள் மடிக்கணினிக்குள் போய்ச் சேர்ந்தன.

இரண்டு வட்டுகள் முழுமையாக வந்தன. மூன்றாவதில் கண்ணுக்கே தெரியும் பூஞ்சை வெண்புள்ளிகள். உறையின் ஓரத்தைக் கத்தரித்து வட்டை வெளியே எடுத்து, மென்மையான துணியால் துடைத்து, வேறொரு சுத்தமான உறைக்குள் வைத்துப் படித்தோம். 560 கூறுகளில் 23 வரவே இல்லை. நான்காவது லயத்தின் பாதிப் பெயர்கள் அதில்தான் இருந்தன.

மாமா திரையைப் பார்த்தபடி விடுபட்ட வீடுகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து சொன்னார். பேத்தி எழுதிக்கொண்டாள். இரண்டு வீடுகளுக்கு அவருக்கும் பெயர் வரவில்லை. வட்டு ஐந்தாண்டுகளுக்கு முன்பே படிக்கப்பட்டிருந்தால் அந்த இரண்டும் கிடைத்திருக்கலாம்.

உங்கள் வீட்டு அலமாரி

இப்படிக் காத்திருக்கும் வட்டுகள் உலகெங்கும் உண்டு. ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் பழைய நெகிழ்வட்டுகளிலிருந்து மீட்கப்பட்ட செய்தி 2014-இல்தான் வெளியானது. நம் நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. முத்து நெடுமாறன் 1980-களில் இங்கே உருவாக்கிய ‘முரசு’ போன்ற மென்பொருள்களால் தமிழ் கணினிக்குள் நுழைந்தபோது, எழுதியவை நெகிழ்வட்டுகளில்தான் சேமிக்கப்பட்டன. மன்ற அறிக்கை, ஆலய மலர், கவிதை என்று எத்தனையோ இன்னும் வீடுகளில் இருக்கக்கூடும். அவை யூனிகோடு பரவுவதற்கு முந்தியவை. அதனால் படித்த பிறகும் புரியாத குறிகளாகத் தெரியலாம். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அந்தக் கால எழுத்துருவைக் கண்டுபிடித்தால் மாற்றிவிடலாம்.

சோனி நிறுவனம் 2011-இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திவிட்டது. இயக்கிகளும் வயதாகிக்கொண்டே போகின்றன. ஆனால் இயக்கி கெட்டால் சரிசெய்யலாம். முதல் இயக்கிக்கு வேண்டிய சில்லு சில ரிங்கிட்டில் கிடைத்தது. அதுவும் இப்போது ஓடுகிறது. வட்டில் உதிர்ந்துபோன காந்தத் துகளைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே வட்டுகள் இருந்தால் உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். பூஞ்சை பிடித்ததைத் தனியாக வையுங்கள். கேபிளைத் தொடுமுன் மின்சாரத்தை அணையுங்கள். 240 வோல்ட் ஓடும் மின்வழங்கிப் பெட்டியையும் பழைய திரையையும் திறக்கவே வேண்டாம். முனையைத் துடைக்காமல் முக்கியமான வட்டைப் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.